சமூகக் கூட்டங்களில் தொல்லை: தடுக்கவும், புகார் வந்தால் கையாளவும் ஒரு செய்முறை

சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கட்டற்ற மென்பொருள் பற்றி மாதாமாதம் சந்திப்பு நடத்துகிறோம். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, பதிவு செய்த சங்கமும் கிடையாது. ஏதாவது கல்லூரியோ நிறுவனமோ ஞாயிற்றுக்கிழமை அரங்கு கொடுத்தால் அங்கே கூடுவோம். இதே மாதிரி வாசிப்பு வட்டம், ஓட்டக் குழு, பறவை பார்க்கப் போகிறவர்கள், மாடித்தோட்டக்காரர்கள், திரைப்படச் சங்கம் என்று ஊருக்கு ஊர் எத்தனையோ குழுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்றை நடத்துகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அரங்கு பிடிப்பது, சுவரொட்டி செய்வது, தேநீர் ஏற்பாடு எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

எங்களிடம் ஒழுங்குவிதி ஆரம்பத்திலேயே இருந்தது. இணையத்தில் கிடைத்த ஆங்கில வார்ப்புரு ஒன்றை எடுத்துத் தளத்தில் போட்டிருந்தோம். அப்புறம் ஒரு புகார் வந்தது. கூட்டத்துக்கு வந்துபோன ஒரு பெண்ணுக்கு, எங்களோடு நெடுநாளாக இருக்கும் ஒருவர் இரவு நேரத்தில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார், அனுப்ப வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும். இது தவறு என்று விதியில் தெளிவாக இருந்தது. ஆனால் புகாரை யார் கேட்பது, யார் முடிவெடுப்பது, அதிகபட்சம் என்ன முடிவு எடுக்கலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. விஷயம் அங்கேதான் நின்றது. அதை ஒருவழியாகத் தீர்த்த பிறகு எங்களுக்கென்று எழுதி வைத்துக்கொண்ட நடைமுறையைத்தான் கீழே தருகிறேன். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு இவ்வளவு சொல்கிறேன், இதற்கு மேல் விவரம் சொல்ல மாட்டேன்.

படி 1: எதுவரை உங்கள் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

அரங்குக்குள் நடப்பது மட்டும்தான் நம் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். மேடை இருக்கும் இடத்தில் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, "வண்டியில கொண்டுபோய் விட்டுடறேன்" என்று மூன்றாவது முறை வற்புறுத்தும்போது, குழுவில் இருந்து எண்ணை எடுத்து மறுநாள் "சாப்டாச்சா" என்று ஆரம்பிக்கும்போது, ஏற்காட்டுக்கு முகாம் போய் அறை பிரிக்கும்போதுதான் பிரச்சினை வருகிறது. ஆகவே விதியில் இப்படி ஒரு வரி வேண்டும்: "இந்த விதி நம் நிகழ்ச்சிக்கும், அதற்கு முன்னும் பின்னும் கூடுகிற இடங்களுக்கும், நம் வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களுக்கும், நிகழ்ச்சி வழியாகக் கிடைத்த தொடர்பை வைத்து ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொள்வதற்கும் பொருந்தும்." கடைசிப் பகுதிதான் முக்கியம். "அது அவங்க சொந்த விஷயம், குழுவுக்கு என்ன சம்பந்தம்" என்று எப்படியும் ஒருவர் கேட்பார், பதில் இந்த வரியில் இருக்கும்.

படி 2: விதியைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

வார்ப்புருவில் தொடங்குவதில் தவறில்லை. தொழில்நுட்ப உலகில் உள்ள பெண்களுக்கான கீக் ஃபெமினிசம் விக்கி என்ற தளத்தில் மாநாடுகளுக்கென்றே எழுதப்பட்ட ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்கப் பல மாநாடுகள் அதிலிருந்துதான் எடுத்தன. 2014-இல் வந்த காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற இன்னொரு வார்ப்புருவைச் சிலர் அப்படியே போடுகிறார்கள். அது இணையத்தில் சேர்ந்து மென்பொருள் எழுதும் திட்டங்களுக்காக எழுதியது, ஆட்கள் நேரில் கூடும் இடத்துக்கு எனக்கு அது போதாது. எதை எடுத்தாலும் நம் ஊரில் நடப்பது அதில் இருக்காது என்பதால் உட்கார்ந்து மாற்றித்தான் ஆக வேண்டும்.

"அனைவரும் கண்ணியத்துடன் நடந்துகொள்ளவும்" என்ற ஒற்றை வரியால் பயனே இல்லை. எல்லோரும் தாங்கள் கண்ணியமாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று நம்புகிறார்கள். செயலைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எங்கள் விதியில் இருப்பது இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"தொல்லை என்று நாங்கள் கருதுவது: விருப்பமில்லாமல் தொடுவது, தோளில் கை போடுவதும் சேர்த்து. வேண்டாம் என்று சொன்ன பிறகும், அல்லது பதிலே வராதபோதும், தொடர்ந்து செய்தி அனுப்புவது, அழைப்பது. உடல், நிறம், உடை பற்றிய பேச்சு. பாலியல் கேலி, அப்படிப்பட்ட படங்கள், அவை பேச்சாளர் திரையில் காட்டும் விளக்கப்படத்தில் இருந்தாலும். ஒருவரின் சாதியைத் தெரிந்துகொள்ளத் துருவுவது, சாதியை வைத்துப் பேசுவது. மதம், ஊர், பேச்சு வழக்கு, ஆங்கிலம் தெரியாதது ஆகியவற்றைக் கிண்டல் செய்வது. திருநர்களிடம் அவர்கள் உடலைப் பற்றிக் கேட்பது. மாற்றுத்திறனாளிகளையோ அவர்கள் சக்கர நாற்காலியையோ கேட்காமல் தொடுவது. அனுமதியின்றிப் படம் எடுப்பது. பின்தொடர்வது."

சாதி பற்றிய வரி எந்த வெளிநாட்டு வார்ப்புருவிலும் நமக்குத் தேவையான அளவுக்கு இருக்காது. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" என்று அடுக்கடுக்காக வரும் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று கேட்கப்படுகிறவருக்கு முதல் கேள்வியிலேயே தெரியும். சும்மா பழகுவதற்குக் கேட்டேன் என்பார்கள். விதியில் எழுதியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் குறுக்கே புகுந்து பேச்சை மாற்ற ஒரு பிடி கிடைக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் விதியின் கீழே, மீறினால் என்ன நடக்கும், யாரிடம் சொல்ல வேண்டும் என்ற இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 3: மூன்று பேரை இப்போதே தேர்ந்தெடுங்கள்

இந்தப் பதிவில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

புகார் கேட்பதும் முடிவெடுப்பதும் இந்த மூவர்தான். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இருவர் என்றால் இன்னும் நல்லது. மூவரும் ஒரே நட்பு வட்டத்தில் இருக்கக் கூடாது. ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம், ஒரே அறைவாசிகள் என்றால் மூன்று பேர் என்பது பெயருக்குத்தான். குழுவைத் தொடங்கியவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இதில் இல்லாமல் இருப்பது நல்லது. அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. யார் மேல் புகார் வந்தாலும் அது அவருக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருக்கும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு புகார் சொல்வது கஷ்டம்.

விலகும் விதியையும் எழுதுங்கள்: மூவரில் ஒருவர் மேலேயே புகார், அல்லது புகாருக்கு ஆளானவர் ஒருவருக்கு நெருங்கிய நண்பர், உறவினர், மேலதிகாரி என்றால் அவர் அந்த விஷயத்தில் இருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும், குறிப்புகளையும் பார்க்கக் கூடாது. இதற்காகவே நான்காவதாக ஒருவரை வெளியே இருந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இன்னொரு வாசிப்புக் குழுவை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார், அவர்கள் குழுவுக்கு எங்களில் ஒருவர்.

அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள். மற்ற ஏற்பாட்டாளர்களைக் கேட்காமலே ஒருவரைக் கூட்டத்தில் இருந்து வெளியே அனுப்ப, பேச்சாளரின் உரையை நிறுத்த, குழுவில் இருந்து நீக்க இந்த மூவருக்கும் உரிமை உண்டு என்று. "எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றோம்" என்ற நிலை வந்தால், அந்த எல்லாரும் பத்து பேர், பத்து பேருக்கும் புகார் சொன்னவர் யார் என்று தெரிந்துவிடும்.

படி 4: புகார் வருவதற்கு வழி

மூன்று வழி வையுங்கள்: நேரில், போனில், எழுத்தில்.

போனுக்கு என் பரிந்துரை, விலை குறைந்த ஒரு பட்டன் போன், அதில் குழுவுக்கென்று தனி சிம். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். புகார் சொல்கிறவருக்குத் தன் எண் ஒரு தனிநபரிடம் போகிறதே என்ற தயக்கம் இருக்கும், உங்களுக்கும் காலத்துக்கும் அழைப்பு வந்துகொண்டிருக்கும். கூட்ட நாளில் யார் பணியில் இருக்கிறாரோ அவர் கையில் அந்தப் போன். ஒலியை முழுக்க வையுங்கள்.

மின்னஞ்சலில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலான குழுக்களில் பொது மின்னஞ்சல் ஒன்று இருக்கும், அதற்கு வருவது ஏற்பாட்டாளர்கள் அத்தனை பேருக்கும் போகும். புகாருக்கும் அதையே கொடுத்துவிடுவார்கள். புகார் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் மேல் என்றால் அவர்தான் முதலில் படிப்பார்! தனி முகவரி தொடங்கி, அது யார் யாருக்குப் போகிறது என்பதைப் பெயரோடு விதியிலேயே போடுங்கள். எழுதுகிறவர் யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துதான் எழுத வேண்டும்.

கூகுள் படிவம் வைப்பதாக இருந்தால் அமைப்புகளில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்துங்கள். கோப்பு பதிவேற்றும் கேள்வியைச் சேர்க்காதீர்கள். திரைப்பிடிப்பு அனுப்ப வசதியாக இருக்குமே என்று சேர்க்கத் தோன்றும், ஆனால் அந்தக் கேள்வி இருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் படிவத்தை நிரப்ப முடியும், பெயர் சொல்ல விரும்பாதவர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார். பதில்கள் சேரும் விரிதாளின் பகிர்வையும் பாருங்கள். "இணைப்பு உள்ள எவரும்" என்று இருக்கவே கூடாது.

படி 5: கூட்டத்துக்கு முன்பே செய்யக்கூடியவை

முன்பதிவுப் படிவத்தில் கைபேசி எண் எதற்கு? உண்மையிலேயே தேவை இல்லை என்றால் எடுத்துவிடுங்கள், தேவை என்றால் கட்டாயம் என்பதையாவது எடுங்கள். வருகைப் பதிவு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் எண் எழுதும் கட்டம் போடுவது இன்னும் மோசம், அடுத்து கையெழுத்துப் போடுகிறவர் மேலே உள்ள எல்லா எண்ணையும் பார்க்கிறார், போனில் ஒரு படம் எடுக்க எத்தனை நொடி ஆகும்.

வாட்ஸ்ஆப் குழுவும் அப்படித்தான். சாதாரணக் குழுவில் சேர்ந்தவுடன் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக்கு மட்டும் என்றால் வாட்ஸ்ஆப் சேனல் போதும், அதில் பின்தொடர்பவர் எண் நிர்வாகிக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. பேச்சு வேண்டும் என்றால் நாங்கள் டெலிகிராமுக்குப் போய்விட்டோம், அங்கே எண்ணை மறைத்துவைக்க அமைப்பு இருக்கிறது. ஆனால் சேரும்போதே அந்த அமைப்பை மாற்றச் சொல்லிக் குழுவின் மேலே ஒட்டிவைக்க வேண்டும், தானாக நடக்காது.

அரங்கை முந்தைய நாளே நடந்து பாருங்கள். குறிப்பாகக் கழிப்பறைக்குப் போகும் வழி. ஞாயிற்றுக்கிழமை கல்லூரிகளில் ஒரு தளம் மட்டும் திறந்திருக்கும், பெண்கள் கழிப்பறை அடுத்த தளத்தில், விளக்கு அணைந்த நடைபாதையின் கோடியில் இருக்கும். தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, விளக்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது, காவலாளியிடம் கேட்டு அந்த நடைபாதை விளக்குகளைப் போட முடியுமா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். மாலை எத்தனை மணிக்கு முடித்தால் பேருந்து, ரயில் பிடித்து வீட்டுக்குப் போக முடியும் என்பதையும் யோசித்து நேரம் வையுங்கள். ஏழரைக்கு முடிய வேண்டிய கூட்டம் ஒன்பதுக்கு முடிந்தால் "நான் விட்டுடறேன்" என்பவரின் வண்டியில் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது.

படம் எடுக்கப்பட விருப்பமில்லாதவருக்குப் பெயரட்டையில் சிவப்பு வட்டம் ஒட்டுகிறோம். ஸ்டேஷனரிக் கடையில் வண்ண வட்டங்கள் தாளாகவே கிடைக்கும். இந்த மாதிரி வண்ண அடையாளத்தை, பேச விருப்பமா இல்லையா என்று காட்டுவதற்காக, ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் கூடுகைகளில் தொடங்கிவைத்தார்கள். அங்கிருந்து பல மாநாடுகளுக்கும் பரவியது. படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் குழுப் படத்தில் சிவப்பு வட்டத்தோடு நிற்பவரும் வந்து முகநூலுக்குப் போய்விடுவார்.

தங்கும் முகாம் என்றால் அறைகளை நீங்களே பிரிக்காதீர்கள். யாரோடு தங்கச் சம்மதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், சாவி இல்லாத அறையை ஏற்காதீர்கள்.

கூட்டம் தொடங்கும்போது மேடையில் இருந்து சொல்லுங்கள். தளத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: "இங்கே யாருக்காவது யாராலாவது சங்கடம் வந்தால், சின்னது பெரியது என்று யோசிக்க வேண்டாம், பச்சைப் பட்டை கட்டியிருக்கும் இவரிடமோ இவரிடமோ சொல்லுங்கள், எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. சங்கடம் கொடுத்தவர் பேச்சாளராக இருந்தாலும், எங்களில் ஒருவராக இருந்தாலும் சொல்லலாம்." அந்த இருவரும் எழுந்து நின்று முகத்தைக் காட்ட வேண்டும். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் அந்த எண்ணை ஒட்டுங்கள், அங்கேதான் ஒருவர் தனியாக நின்று யோசிக்க முடியும்.

படி 6: ஒருவர் வந்து சொல்கிறார்

எங்களுக்கு அதிகம் தடுமாற்றம் தந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒதுக்கமான, ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அவர் விரும்பினால் தோழியும் உடன் இருக்கட்டும். "சொன்னதுக்கு நன்றி. இப்போ உங்களுக்குப் பயமா இருக்கா? யாராவது கூட இருக்கணுமா?" இதுதான் முதல் வாக்கியம். பிறகு குறுக்கிடாமல் கேளுங்கள். முடித்த பிறகு, எப்போது, எங்கே, என்ன நடந்தது, என்ன வார்த்தை சொன்னார், வேறு யாராவது பார்த்தார்களா, முன்பும் நடந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. ஒரே ஒருமுறை. இதே கதையை இன்னொருவரிடம் மறுபடி முதலில் இருந்து சொல்ல வைக்காதீர்கள், அதற்காகத்தான் குறிப்பு.

நம் வாயில் தானாக வந்துவிடும் சில வாக்கியங்கள் இருக்கின்றன. இவற்றை எழுதி மூவரும் படித்துவைத்துக்கொள்ளுங்கள், சொல்லாமல் இருப்பதற்காக. "அவரா? அப்படிப்பட்ட ஆள் இல்லையே." "அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் பழகுவார்." "உங்களத் தங்கச்சியா நினைச்சிருப்பார்." "அப்பவே ஏன் சொல்லல?" "அவருக்கும் குடும்பம் குழந்தை இருக்கு." "இது வெளிய தெரிஞ்சா குழு பேரு கெட்டுடும்." கடைசி வாக்கியம் கேட்டவுடன் வந்தவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விடுவார், அடுத்த கூட்டத்துக்கும் வரமாட்டார், நீங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "இந்த மூணு பேருக்கு மட்டும் தெரியும்" என்று பெயர்களைச் சொல்லுங்கள். அதை மட்டும் எந்த நிலையிலும் காப்பாற்றுங்கள். வாட்ஸ்ஆப்பில் அவர் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள்.

"நாங்க என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்பது மரியாதையாகத்தான் தோன்றும். அப்படிக் கேட்டால் தண்டனை விதிக்கும் பாரம் முழுக்க அவர் தலையில் விழுகிறது, நாளைக்கு அந்த ஆள் "உன்னாலதான்" என்று அவரிடமே வந்து நிற்பார். முடிவு நம்முடையது. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: "நாங்க எடுக்கிற முடிவால உங்களுக்கு ஆபத்தோ சிக்கலோ வர வாய்ப்பிருக்கா? எது நடக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்க?" ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களாக இருக்கலாம், வீட்டுக்குத் தெரிந்தால் இனிமேல் கூட்டத்துக்கே அனுப்பாமல் போகலாம். அதெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

அடுத்தது, பஞ்சாயத்து. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் நடுவில் இருந்து, "தெரியாமப் பண்ணிட்டார், மன்னிப்புக் கேட்டுட்டார், இதோட விட்டுடுங்க" என்று முடித்துவைப்பது நம் ஊருக்குக் கைவந்த கலை. செய்யாதீர்கள். மன்னிப்பை வாங்கிக்கொள்ளும் கட்டாயம் புகார் சொன்னவருக்குக் கிடையாது, பத்துப் பேர் பார்க்க அதை மறுக்கும் தைரியம் எல்லோருக்கும் வராது. பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டத்திலேயே சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கொடுத்து முடிப்பது கூடாது என்று இருக்கிறது. சட்டமே அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது நாம் அவசரப்பட வேண்டியதில்லை. "நேர்ல ஒரு சாரி சொல்லணும்" என்று தொல்லை கொடுத்தவர் உங்களிடம் கெஞ்சினாலும் தூது போகாதீர்கள்.

படி 7: முடிவெடுப்பது, சொல்வது

நாம் நீதிமன்றம் இல்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போவதும் இல்லை, ஒரு கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லப்போகிறோம். ஆகவே நம்பும்படி இருக்கிறதா, கூட்டத்தின் பாதுகாப்புக்கு என்ன தேவை என்ற இரண்டு கேள்வி போதும். எங்கள் ஏணி இது: பேசி எச்சரிப்பது, அன்றைய கூட்டத்தில் இருந்து அனுப்புவது, மேடையும் பொறுப்புகளும் பறிப்பது, ஓர் ஆண்டு விலக்கு, நிரந்தர விலக்கு. விளக்கப்படத்தில் அசட்டுக் கேலி போட்டவருக்கு முதலாவது. அனுமதியின்றித் தொட்டவருக்கும் பின்தொடர்ந்தவருக்கும் முதலாவது கிடையாது.

கூட்டம் நடக்கும்போதே அனுப்ப வேண்டியிருந்தால் இருவராகப் போங்கள். எல்லோர் முன்னாலும் இல்லாமல் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "உங்களைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு. இன்னைக்கு நீங்க கிளம்பணும். உங்க தரப்பை நாளைக்கு உட்கார்ந்து கேட்கிறோம்." அவ்வளவுதான். "யார் சொன்னா?" என்பதுதான் உடனே வரும் கேள்வி. "அதைச் சொல்ல மாட்டோம்" என்று மட்டும் சொல்லுங்கள், விளக்கம் தராதீர்கள், விவாதத்தில் இறங்காதீர்கள். பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டும்வரை கூடவே நடங்கள். அந்த நேரத்தில் மூன்றாமவர் புகார் சொன்னவரோடு உள்ளே இருக்க வேண்டும், இருவரும் வாசலில் எதிர்ப்படக் கூடாது. அன்று புகார் சொன்னவர் வீட்டுக்கு எப்படிப் போகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் புகாருக்கு ஆளானவர் தரப்பைக் கட்டாயம் கேளுங்கள், அதையும் குறித்துவையுங்கள். முடிவை எழுத்தில் கொடுங்கள்: என்ன நடத்தை, எந்த விதி, எவ்வளவு காலம், புகார் சொன்னவர் என்று அவர் யாரை நினைத்தாலும் அவரைத் தொடர்புகொண்டால் என்ன ஆகும். முடிவைப் புகார் சொன்னவருக்கும் சொல்லுங்கள். இதை நிறையக் குழுக்கள் விட்டுவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து "என் புகார் என்ன ஆச்சு" என்று அவரே வந்து கேட்கும் நிலை வரக் கூடாது.

தொல்லை கொடுத்தவர் அரங்கு கொடுத்தவராக இருந்தால்? பணம் கொடுக்கும் நிறுவனத்தின் ஆளாக, ஊரே கொண்டாடும் எழுத்தாளராக இருந்தால்? விதி ஒன்றுதான். அரங்கு போனால் இன்னொரு அரங்கு கிடைக்கும், பூங்காவில் கூடிப் பேசிவிட்டு வரலாம், கூட்டம் சின்னதாகும். அதற்கெல்லாம் ஈடாக ஒரு பெண் இனி வராமல் போவதை ஏற்க முடியாது என்று மூவரும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளுங்கள், அந்த நாள் வந்த பிறகு பேசினால் ஆயிரம் காரணம் தோன்றும்.

குழுவுக்கு என்ன சொல்வது? பெயர் இல்லாமல் சுருக்கமாக: "சென்ற கூட்டம் தொடர்பாக ஒரு புகார் வந்தது, விதிப்படி நடவடிக்கை எடுத்துவிட்டோம்." பெயர் போட்டால் அவதூறு வழக்கு என்று மிரட்டல் வரும், புகார் சொன்னவரையும் ஆட்கள் தேட ஆரம்பிப்பார்கள். குழுவில் "யார் அது" என்ற ஊகம் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

படி 8: சட்டம், சுருக்கமாக

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் ஏற்பாட்டாளராக இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்.

பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டம் 2013-இல் வந்தது, அதற்கு அடிப்படை 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்குக் குறைவான இடங்களுக்கும் முதலாளி மேலேயே வரும் புகாருக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். தன்னார்வக் குழு நேரடியாக இதற்குள் வராமல் போகலாம், ஆனால் ஒரு பெண் அலுவலக வேலையாக உங்கள் மாநாட்டுக்கு வந்திருந்தால் அந்த இடமும் பணியிடத்தில் சேரும், அவருக்கு அந்த வழியும் திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

குற்றவியல் பக்கம், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பாலியல் தொல்லை பிரிவு 75. பின்தொடர்தல் பிரிவு 78: விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இதில் வரும். முதல்முறைக்கு 3 ஆண்டுவரை சிறை. "வெறும் மெசேஜ்தானே" என்பவர்களுக்கு இந்தப் பிரிவை வாசித்துக் காட்டலாம். தமிழ்நாட்டில் இவை போக, பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்க 1998-இல் வந்த தனிச் சட்டமும் இருக்கிறது.

காவல்துறைக்குப் போவதா இல்லையா என்பது, வயது வந்தவர் என்றால், அவர் முடிவு. போகச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது, போக வேண்டாம் என்று தடுக்கவும் கூடாது. போகிறார் என்றால் கூடப் போங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை அவர்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, இந்தக் குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். செய்திகளை அழிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள், எரிச்சலில் அழித்துவிடுவார்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றத்துக்கு 1930.

பின்சேர்க்கை, வாசகர் கேள்விகளுக்குப் பிறகு

"ஆண்கள் புகார் சொன்னால்?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன 75, 78, பணியிடச் சட்டம் எல்லாம் பெண்களுக்கானவை. நம் விதி எல்லோருக்கும் ஒன்றுதான், நடைமுறையும் ஒன்றுதான். திருநர்களுக்கு, அவர்கள் உரிமைகளைக் காக்க 2019-இல் வந்த சட்டத்தின் பிரிவு 18 தனியாக இருக்கிறது.

"பொய்ப் புகார் என்றால்?" என்றும் வந்தது. அதற்காகத்தான் இரு தரப்பையும் கேட்பது, குறிப்பு எழுதுவது, பெயரை வெளியிடாமல் இருப்பது. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய் ஆகிவிடாது, பணியிடச் சட்டத்தின் பிரிவு 14-உம் அதைத்தான் சொல்கிறது. முறையாகக் கேட்டால் குற்றம் செய்யாதவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பறவைக் குழு நடத்தும் ஒருவர், தங்கள் குழுவின் பட்டன் போன் எண்ணுக்கு யாருமே அழைக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தார்களாம், கடைசியில் பார்த்தால் ரீசார்ஜ் முடிந்து அந்த எண்ணுக்கு அழைப்பே வராத நிலையில் இருந்திருக்கிறது. நல்ல எச்சரிக்கை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காலையில் வேறு போனில் இருந்து அந்த எண்ணுக்கு அடித்துப் பாருங்கள். எங்கள் சரிபார்ப்புப் பட்டியலிலும் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டியது எல்லாவற்றையும்விட முக்கியமானது. முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான். 18 வயது நிரம்பாத ஒருவருக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே மூவர் குழு உட்கார்ந்து யோசிக்க இடமில்லை, அவர் வேண்டாம் என்றாலும் மறைக்க முடியாது, மறைத்தால் பிரிவு 21-இன்படி நமக்குத் தண்டனை உண்டு. ஆகவே படி 6-இல் ஒரு மாற்றம்: யாருக்கும் சொல்ல மாட்டோம் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, இளையவராகத் தெரிந்தால் மென்மையாக வயதைக் கேட்டுவிடுங்கள், 18-க்குக் கீழ் என்றால் நாங்கள் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், கூடவே இருப்போம் என்று சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சுவரில் ஒட்டும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.